ரிம் லேசா வளைஞ்சிருச்சா? கோட்டம் எடுக்கணுமா, அப்படியே ஓட்டலாமான்னு பாக்குற விதம்

போன ஐப்பசில பெரியப்பா வீட்டு அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக சென்னைல இருந்து பள்ளத்தூர் வந்தாரு. கார்ல அஞ்சு பேரு, டிக்கி நிறைய சாமான், 400 கிலோமீட்டர் சொச்சம் ஒரு குறையும் இல்லாம வந்த வண்டி, திருமயம் தாண்டுனதும் ராத்திரில மழைத்தண்ணி நின்ன ஒரு பள்ளத்துல இறங்கி டமார்னு ஒரு அடி. காத்து இறங்கல, வண்டி வீடு வந்து சேந்துருச்சு. காலைல பாத்தா முன்னாடி இடதுபக்க அலாய் வீலோட வெளி விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உள்வாங்கி கெடக்கு. காரைக்குடில ரெண்டு இடத்துல காட்டுனோம், ஒரு இடத்துல "ரிம் போச்சுண்ணே, புதுசு போட்ருங்க"ன்னாங்க, இன்னொரு இடத்துல "இதெல்லாம் ஒண்ணுமில்ல, ரெண்டு தட்டு தட்டுனா சரியாயிரும்"னாங்க. ரெண்டு இடத்துலயுமே ஜாக்கி போட்டு சக்கரத்த தூக்கி பாக்கல, வெளில தெரிஞ்ச அடிய மட்டும் பாத்துட்டு சொன்னதுதான். எனக்கு அது மனசு ஒப்பல. அன்னைக்கு வீட்டு வாசல்ல வச்சு நாங்களே எதெத பாத்தோம், எத வச்சு முடிவு பண்ணோம்ங்கறத எழுதுறேன், நம்ம பக்கம் விசேஷத்துக்கு வெளியூர்ல இருந்து வர்ற வண்டிக நெறைய, யாருக்காவது உதவும்.

ரிம்ம பாக்குறதுக்கு முன்னாடி டயர பாருங்க. அடி வாங்குன இடத்துக்கு நேரா டயரோட பக்கச்சுவர்ல கொழுக்கட்ட மாதிரி ஒரு புடைப்பு இருந்துச்சுன்னா உள்ள இருக்குற நூலு அறுந்துருச்சுன்னு அர்த்தம், அத ஒட்டவோ தைக்கவோ முடியாது, டயர மாத்தித்தான் ஆகணும், அதோட ஹைவேல போகவே கூடாது. ஸ்டெப்னிய போட்டுட்டு அப்புறமா ரிம்ம பத்தி யோசிக்கலாம்.

அடுத்தது ரொம்ப பேரு விட்டுர்ற விஷயம். நம்ம ஊரு செம்மண்ணு. மழைல சேத்துக்குள்ள இறங்கி ஏறுன வண்டில ரிம்மோட உள்பக்கம் சேறு அப்பி, மறுநாள் வெயில்ல காஞ்சு செங்கல்லு மாதிரி ஒட்டிக்கும். ஒரு பக்கம் மட்டும் 100 கிராம் மண்ணு ஒட்டியிருந்தாலே 80ல போகும்போது ஸ்டேரிங் கிடுகிடுன்னு ஆடும், ரிம் வளஞ்சிருச்சுன்னு பயந்து போயி புது ரிம்முக்கு காசு எடுத்து வச்சவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க. அதனால மொதல்ல நாலு சக்கரத்தையும் உள்பக்கம் கைய விட்டு தண்ணி பீச்சி நல்லா கழுவுங்க, கழுவுனதுக்கு அப்புறமும் ஆடுதான்னு பாருங்க.

அப்புறம் காத்து. இதுக்கு மூணு நாலு நாள் பொறுமை வேணும். காலைல வெயில் ஏர்றதுக்கு முன்னாடி, வண்டி எடுக்காம இருக்குறப்ப, நாலு சக்கரத்துலயும் டிரைவர் பக்க கதவுல ஒட்டியிருக்குற அளவுக்கு காத்து வச்சு எழுதி வச்சுக்கங்க, திரும்பவும் அதே மாதிரி காலை நேரத்துலயே அளங்க. மத்தியானம் அளந்தா கணக்கு தப்பும், அஞ்சாறு டிகிரி சூடு ஏறுனாலே ஒரு பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்த அளக்குற அளவு) கூடத்தான் காட்டும், நம்ம ஊரு வெயிலுக்கு கேக்கவா வேணும். நல்ல சக்கரத்துலயே மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ இறங்கும், அது சகஜம். ஒரு வாரத்துக்குள்ள மூணு நாலு இறங்குனா எங்கயோ போகுது. பாத்திரம் விளக்குற சோப்ப தண்ணில கரைச்சு ரிம்மும் டயரும் சேர்ற ஓரம் முழுக்க ஊத்துங்க, உள்பக்க ஓரத்துலயும் ஊத்துங்க, வால்வுலயும் ஊத்துங்க. வளைவு இருக்குற இடத்துலயே குமிழி வந்துச்சுன்னா அந்த வளைவு டயர் உக்கார்ற இடத்தையே தொட்டுருச்சு, கண்டிப்பா வேலை பாக்கணும். வால்வுல வந்துச்சுன்னா வால்வ மாத்துனா போதும், ரிம் மேல பழி போட வேணாம்.

எங்க அண்ணன் வண்டில நடந்தது இதுதான். எல்லாரும் குனிஞ்சு பாத்தது முன் சக்கரம், அதுல காத்து அப்படியே நிக்குது. பின்னாடி இடது சக்கரத்துல ரெண்டு நாளைக்குள்ள நாலு பிஎஸ்ஐ காணோம். யோசிச்சு பாத்தா முன் சக்கரம் இறங்குன அதே பள்ளத்துலதான பின் சக்கரமும் இறங்கியிருக்கும், அதுவும் டிக்கி நிறைய பாரத்தோட. வெளில ஒரு கீறல் கூட இல்லாததால யாரும் அத திரும்பி பாக்கல.

இப்ப சக்கரத்த தூக்குற வேலை. மண் தரைல ஜாக்கி நிக்காது, கெட்டியான தரையா பாத்து நிப்பாட்டி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க. நம்ம ஓட்டுற சின்ன கார்ல பெரும்பாலும் எஞ்சின் முன் சக்கரத்தத்தான் இழுக்கும், அந்த மாதிரி வண்டில முன் சக்கரத்த தூக்குனா ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல்ல விடுங்க, பின் சக்கரத்த தூக்குனா ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு மொத கியர்ல போட்டு வைங்க, அப்பத்தான் தூக்குன சக்கரம் சுத்தும், மத்தது நகராது. ஜாக்கில நிக்கிற வண்டிக்கு அடில தலைய விடவே விடாதீங்க, எத்தன அனுபவம் இருந்தாலும் சரி.

சக்கரத்துக்கு பக்கத்துல செங்கல்ல அடுக்கி, அது மேல ஒரு பேனாவ, முனை ரிம் விளிம்ப தொட்டும் தொடாம இருக்குற மாதிரி அசையாம வச்சு, சக்கரத்த கையால மெதுவா சுத்துங்க. சைக்கிள் கடைல கோட்டம் எடுக்குறப்ப பிரேக் கட்டைய வச்சு பாப்பாங்கள்ல, அதே வித்தைதான். விளிம்பு பேனாகிட்ட வந்து வந்து விலகிச்சுன்னா பக்கவாட்டுல கோட்டம். பேனாவ மேல்நோக்கி மாத்தி வச்சு பாக்கைல மேல கீழ ஏறி இறங்குனா வட்டமே கெட்டிருக்கு, வண்டிய தூக்கித் தூக்கி போடுறது இந்த ரெண்டாவது வகைதான் அதிகம். ரிம் ஒழுங்கா சுத்தி டயர் மட்டும் ஏறி இறங்குனா கோளாறு டயர்ல.

எவ்வளவு ஆடுதுன்னு அளக்க பட்டறைல டயல் கேஜ்னு முள்ளு வச்ச கருவி இருக்கும், நம்மகிட்ட ஏடிஎம் கார்டு இருக்கு. உலகம் முழுக்க அந்த கார்டு 0.76 மில்லிமீட்டர் கனம்தான். ரிம் பேனாகிட்ட ரொம்ப நெருங்கி வர்ற இடத்துல முனைய லேசா தொடுற மாதிரி வச்சுட்டு, ரொம்ப விலகுற இடத்துல நிப்பாட்டி நடுவுல கார்ட விட்டு பாருங்க. ஒரு கார்டே நுழையலைன்னா கவலையே வேணாம். ஒண்ணு நுழைஞ்சு ரெண்டு சேத்து நுழையலைன்னா நடுவாந்தரம், ரோட்டுல ஓட்டி பாத்துத்தான் சொல்லணும். ரெண்டு கார்டு தாராளமா போச்சுன்னா 1.5 மில்லிமீட்டருக்கு மேல, பாக்காம விடக்கூடாது. பொதுவா 1 மில்லிமீட்டர் பக்கத்துலதான் கோடு கிழிப்பாங்க, அலாய்க்கு இன்னும் கெடுபிடி, ஸ்டீல் ரிம்முக்கு கொஞ்சம் தாராளம், உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்குறதுதான் கடைசி பேச்சு. விளிம்போட நுனில மட்டும் சின்னதா மடங்குன இடம் பேனாவ தட்டும், அத மட்டும் வச்சு பயந்துராதீங்க, டயர் உக்கார்ற இடத்த ஒட்டி என்ன ஆட்டம்னு பாருங்க.

உள்பக்க விளிம்ப பாக்காம விட்டா மேல செஞ்ச அவ்வளவும் வீண். ஸ்போக்கு எல்லாம் ரிம்மோட வெளிப்பக்கத்துல இருக்கு, உள் விளிம்புக்கு தாங்க ஆளே இல்ல, அதனால பள்ளத்துல அடிச்சா மொதல்ல மடங்குறது உள்பக்கம்தான். சக்கரத்த கழட்டி போட்டு டார்ச் அடிச்சு சுத்தி பாருங்க. கழட்டுனப்ப சக்கரமும் ஹப்பும் (வண்டில சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) சேர்ற முகத்துல துருவோ மண்ணோ இருந்தா கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுத்துருங்க, அந்த இடத்துல ஒரு மணல் அளவு துரு உக்காந்தாலே நல்ல ரிம் கூட கோட்டம் மாதிரி ஆடும்.

டயர கழட்டி வெறும் ரிம்ம வீட்டுக்கு கொண்டு வந்தா இன்னொரு நல்ல சோதனை இருக்கு. பழைய வீட்டு வளவுல (நடு முற்றத்த சுத்தி) தரைக்கு ஆத்தங்குடி கல்லு போட்டிருக்கும்ல, கண்ணாடி மேல வார்க்குற கல்லு அது, மேல்முகம் மட்டமா இருக்கும். அதுல ஒரு பேப்பர விரிச்சு, ரிம்மோட உள் விளிம்பு கீழ வர்ற மாதிரி வச்சு, கார்ட விட்டு சுத்திலும் பாருங்க. ரிம்ம கால் சுத்து திருப்பி வச்சு மறுபடி பாருங்க, இடைவெளி ரிம்மோட சேந்து நகந்தா ரிம் கோணல், இடைவெளி இருந்த இடத்துலயே இருந்தா தரைதான் மேடு பள்ளம். அண்ணனோட பின் சக்கரத்துல மூணு கார்டு நுழைஞ்சது.

கழட்ட வசதி இல்லாதவங்க ரோட்டுலயே நெறைய கண்டுபிடிக்கலாம். டயர் புடைப்போ விரிசலோ இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, கூட்டமில்லாத நல்ல ரோட்டுல மெதுவா வேகத்த ஏத்துங்க. 100ல போகும்போது ஒரு சக்கரம் நொடிக்கு 14, 15 சுத்து சுத்துது, ஊருக்குள்ள 40ல போறப்ப தெரியாத குறை அங்கதான் வெளில வரும். ஸ்டேரிங்ல ஆட்டம் தெரிஞ்சா முன் சக்கரம், சீட்டுலயும் தரைலயும் தெரிஞ்சா பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் புடிக்கிறப்ப மட்டும் ஆடுனா பிரேக் டிஸ்க்க பாக்கணும். அடிக்கு அப்புறம் வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னா சக்கரத்த திருப்புற டை ராடு, சக்கரத்த புடிச்சிருக்குற லோயர் ஆர்ம் வரைக்கும் பாத்து அலைன்மென்ட் (சக்கரத்த நேர் பண்றது) செய்யணும், ரிம்ம தட்டி அது தீராது. சந்தேகம் தீரணும்னா சந்தேகப்படுற சக்கரத்த முன்னால இருந்து பின்னாடி மாத்தி போடுங்க, ஆட்டமும் ஸ்டேரிங்ல இருந்து சீட்டுக்கு போச்சுன்னா அந்த சக்கரமேதான்.

பேலன்சிங் மெஷின்ல ஏத்துறப்ப பக்கத்துலயே நின்னு பாருங்க, சக்கரம் சுத்துறப்ப விளிம்பு நெளியுதான்னு அங்க கண்ணுக்கே தெரியும். முன்ன 20, 30 கிராம் வெயிட்டு கேட்ட சக்கரம் இப்ப 80, 100 கேட்டுச்சுன்னா சந்தேகப்படுங்க. வெயிட்ட ஒட்டி மெஷின்ல பூஜ்யம் காட்டிட்டா சரியாயிருச்சுன்னு அனுப்பி வச்சிருவாங்க, ஆனா வெயிட்டு எடையத்தான் சமன் பண்ணும், கெட்ட வட்டத்த வட்டமாக்காது, 80ல திரும்பவும் தூக்கிப் போடும்.

முடிவுக்கு வருவோம். வெளி விளிம்புல சின்ன மடிப்பு, காத்து நிக்குது, கார்டு ஒண்ணே நுழைய சிரமப்படுது, 100 வரைக்கும் ஆட்டம் இல்ல, இப்படி இருந்தா தொடாதீங்க. அழகுக்காக அலாய்ய தட்டி நேராக்குறேன்னு போயி, நல்லா இருந்த ரிம்ல விரிசல் வாங்கிட்டு வராதீங்க. மாசம் ஒரு தடவ காத்து அளந்து பாத்துக்கிட்டா போதும்.

காத்து போகுது, இல்ல ஆட்டம் இருக்கு, ஆனா விரிசல் இல்லைன்னா ரிப்பேர் பாக்கலாம். ஸ்டீல் ரிம்முக்கு யோசிக்கவே வேணாம், இரும்பு வளைஞ்சு குடுக்கும், பெண்டு எடுத்தா திரும்பி வரும், ரொம்ப மோசம்னா புதுசே அலாய் விலைல ஒரு பங்குதான். அலாய் அப்படி இல்ல, வார்த்த அலுமினியம், ஓரளவுக்கு மேல நிமித்துனா வெடிக்கும். அதனால பட்டறைல குடுக்குறதுக்கு முன்னாடி எப்படி எடுப்பீங்கன்னு கேளுங்க. ஹைட்ராலிக் பிரஸ்ல வச்சு, டயல் கேஜ் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா தள்ளுவோம்னா குடுக்கலாம். கேஸ் டார்ச்சால நல்லா காச்சி சுத்தியால அடிப்போம்னா எடுத்துட்டு வந்துருங்க. அலாய் ரிம்முக்கு ஃபேக்டரில சூடு காட்டி ஏத்துன பலம் 200 டிகிரிக்கு மேல போனாலே இறங்க ஆரம்பிச்சிரும், டார்ச்சு சூடு அதவிட எத்தனையோ மடங்கு, பாக்க நேரா இருக்கும் ஆனா அடுத்த பள்ளத்துல தாங்காது. ஏற்கனவே ஒருக்க அதே இடத்துல நிமித்துன அலாய்ய ரெண்டாவது தடவ நிமித்த வேணாம். ட்யூப் போட்டா காத்து நிக்கும்னும் சொல்வாங்க, காத்து நிக்கும்தான், வளைவும் ஆட்டமும் அப்படியேதான இருக்கும்.

விரிசல் இருந்தா, அது தலைமுடி அளவா இருந்தாலும், ஸ்போக்கு அடிலயோ நட்டு ஓட்டைக்கு பக்கத்துலயோ வளைவு இருந்தாலும் அந்த ரிம்ம கழிச்சு கட்டிருங்க. வெல்டு வைக்கிறேன்னு யாரு சொன்னாலும் வேணாம், குடும்பத்தோட போற வண்டி. சந்தேகமா இருந்தா விரிசல காட்டுற சிவப்பு சாய ஸ்ப்ரே இருக்கு, நல்ல பட்டறைல அடிச்சு பாக்க சொல்லுங்க. புது ரிம் வாங்குறப்ப அளவு மட்டும் பாக்காம நட்டு எண்ணிக்கை, பிசிடி (நட்டு ஓட்டைக இருக்குற வட்டத்தோட விட்டம்), ஆஃப்செட் (சக்கரம் உள்ள வெளிய எவ்வளவு தள்ளி உக்காருதுங்கறது), நடு ஓட்டை எல்லாம் பழசோட ஒத்து வரணும்.

அண்ணனோட பின் ரிம்ல சாயம் அடிச்சதும் உள் விளிம்புல அரை விரல் நீளத்துக்கு செவப்பா ஒரு கோடு வந்துச்சு. வெளில இருந்து பாத்தா புத்தம் புதுசு மாதிரி இருந்த சக்கரம், அதோடயே 400 கிலோமீட்டர் திரும்பி போக இருந்தாங்க. அத மட்டும் மாத்துனோம். ஒரு கடைல புதுசு போடச் சொன்ன முன் சக்கரம் அதே மடிப்போட இன்னைக்கும் ஓடுது, காத்து இறங்கல. நட்டுகள நட்சத்திரம் போடுற மாதிரி எதிர் எதிரா முறுக்கி, ஊருக்கு கெளம்பி 50 கிலோமீட்டர் ஓடுனதும் ஓரமா நிப்பாட்டி இன்னொருக்க முறுக்கி பாக்க சொல்லி அனுப்புனோம், புதுக்கோட்டை போயி நிப்பாட்டி பாத்துட்டேன்னு போன் பண்ணுனாரு.