முகமும் தெரிய வேண்டும், சட்டை மடிப்பும் போகக் கூடாது

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகம் இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸை ஒரே இழுப்பில் ஏற்றி, அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். முகம் தெரிந்தது. ஆனால் வெள்ளைச் சட்டை தோளிலிருந்து முழங்கைவரை ஒரு மடிப்புகூட இல்லாமல் வெட்டி ஒட்டிய காகிதம் போலாகிவிட்டது. அசல் கையில் இல்லை. அதனால் படத்தைத் திருத்த உட்காரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் கை வையுங்கள்.

மடிப்பு ஏன் போயிற்று? ஜேபெக் என்ற வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரைதான். வெயில் பட்ட துணி 240, மடிப்பின் நிழல் 215 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்திய செயலி எல்லாவற்றோடும் ஒரே அளவைக் கூட்டியது. 60 கூட்டினால் இரண்டுமே 255-ல் போய் முட்டி ஒன்றாகிவிடும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் அந்த 25 வித்தியாசம் திரும்பாது.

இப்போது நான் கிம்ப் என்ற படத்திருத்தச் செயலியில் லெவல்ஸ் என்ற கருவியைத் திறக்கிறேன். மற்ற பெரிய செயலிகளிலும் இது உண்டு. உள்ளே மலைத்தொடர் போல ஒரு ஹிஸ்டோகிராம் தெரியும்; எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம் அது. இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். அதன் கீழே மூன்று சிறு முக்கோணங்கள். நடு முக்கோணத்தை மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். 0-ம் 255-ம் இருந்த இடத்திலேயே நிற்க, இடையில் உள்ளவை மட்டும் வெளுக்கும். முகம் இருப்பது அந்த இடைப்பகுதியில்தான். 1.00 என்று இருக்கும் எண் 1.3, 1.4 ஆனாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் நிழலில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் கிளம்பும்.

மலை இரண்டு ஓரங்களையும் தொடாமல் நடுவிலேயே குவிந்திருந்தால் படம் சோகையாக இருக்கும். ஓர முக்கோணங்களை மலை தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கான்ட்ராஸ்ட், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம், என்று தனியாக எதையும் நான் தொடுவதில்லை, இதுவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மூடுபனிப் படமென்றால் விட்டுவிடுங்கள். பனியில் முழுக் கறுப்பு கிடையாது, அதை வரவழைத்தால் பனி கலைந்துவிடும்.

அடுத்து நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். குண்டு பல்பின் ஒளி சுமார் 2700 கெல்வின், பகல் ஒளி சுமார் 5500. அதனால்தான் இரவுப் படங்களில் சுவர் மஞ்சளடிக்கிறது. லெவல்ஸில் சாம்பல் நிறத்துக்கான சொட்டுக்குழாயை எடுத்து, நேரில் நிறமே இல்லாத ஓர் இடத்தில் சொடுக்குங்கள். வெள்ளைச் சுவரின் நிழல் விழுந்த பகுதி நல்லது; வெளுத்துப்போன வெள்ளையில் சொடுக்கினால் பயனில்லை. சரியான இடத்தில் சொடுக்கினால் அங்கே மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாகும். ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்த படம் ஒரே சொடுக்கில் சரியாகாது. அப்போது முகத்தைக் காப்பாற்றுங்கள், சுவர் எப்படியோ போகட்டும். மாநிறமோ கறுப்போ சிவப்போ, தோலில் பெரும்பாலும் சிவப்பு எண் அதிகம், அடுத்தது பச்சை, கடைசியாக நீலம். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் நோயாளி முகமாகிவிடும். சூரியன் மறையும் நேரத்துப் படத்தில் மட்டும் மஞ்சளைக் கழுவாதீர்கள். அந்த மஞ்சளுக்காகத்தானே எடுத்தோம்!

சாச்சுரேஷன், அதாவது நிறத்தின் அழுத்தம், கடைசியில். கான்ட்ராஸ்ட் கூடும்போதே நிறமும் கொஞ்சம் கூடிவிடும், முன்பே ஏற்றினால் இரட்டிப்பாகும். ஏற்றும்போது சிவப்புத் துணியைக் கவனியுங்கள், முதலில் நெசவு மறைவது அதில்தான். செயலியில் வைப்ரன்ஸ் என்ற கருவி இருந்தால் அதுவே மேல். அது மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும்.

இவ்வளவும் செய்யும்போது திரையை மஞ்சளாக்கும் ‘இரவு ஒளி’ வசதி அணைந்திருக்க வேண்டும். திரை வெளிச்சம் முழுவதும் ஏற்றியிருந்தால் படத்தை இருட்டாகவே முடிப்பீர்கள். நான் பத்து நிமிடம் எழுந்துபோய் வந்து, அசலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் ஏற்றுமதி செய்கிறேன். ஜேபெக்காக ஒரே ஒருமுறை மட்டும், ஏனென்றால் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

அடுத்த முறை ஜன்னலோரம் யாரையாவது படமெடுக்கும்போது, போன் திரையில் வெளிச்சமான பக்கத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். முகம் இருட்டாக விழும். விழட்டும், அதை நடு முக்கோணம் பார்த்துக்கொள்ளும்.