காப்பீட்டு அட்டை இல்லாதபோது வந்த புற்றுநோய்: முதலில் செய்ய வேண்டியது

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மழைக்காலம். பெயிண்டிங் வேலையே இல்லை. பதற்றத்தில் அவள் கம்மலை அடகு வைத்துத் தனியாரில் ஸ்கேன் எடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் தமிழ்நாடு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் கிடைக்கும். விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு அதில் அடங்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஆனால் பணம் கட்டும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டுகளுக்கு நாலைந்து ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.