பிளாக் ராத்திரி வரைக்கும் நிக்கணுமா? லோக்கலோட எதைச் சேக்கலாம், எதைத் தொடக்கூடாது

அனஸ்தீசியா பிஜி பசங்க அடிக்கடி கேக்குறது இதுதான், சூப்ராகிளாவிகுலர் பிளாக்ல, அதாவது காறை எலும்புக்கு மேல ஊசி போட்டு கை நர்வை மரக்க வைக்குறதுல, வெறும் பியூபிவகெய்ன்ங்கிற லோக்கல் (மரப்பு மருந்து) மட்டும் போட்டா நடுராத்திரி வலிக்குதுன்னு வார்டுலேர்ந்து போன் வருதே, கூட என்ன சேக்கலாம்னு. சேக்கலாம், ஆனா ஊசி சரியான இடத்துல இல்லாத பிளாக்கை எந்த மருந்தும் காப்பாத்தாது, அதனால முதல்ல அல்ட்ராசவுண்டுல மருந்து நர்வைச் சுத்திப் பரவுதான்னு பாக்கக் கத்துக்கோங்க.

60 கிலோ பேஷண்ட், முன்கைல எலும்பு முறிஞ்சு பிளேட் வைக்கப் போறாங்கன்னு வச்சுக்குவோம். 0.5% பியூபிவகெய்ன் 20 மி.லி. எடுத்தா 100 மி.கி., கிலோவுக்கு 2 மி.கி.ன்னா லிமிட் 120, உள்ளதான் இருக்கோம். கூட டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டை (டெக்ஸா) சேத்துட்டோம்னு இந்த லிமிட் ஒண்ணும் ஏறிடாது. லோக்கல் ரத்தத்துல ஏறி விஷமானா குடுக்குற 20% லிப்பிட் எமல்ஷன் ரூம்ல இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா ஊசியை எடுங்க.

என்னோட முதல் சாய்ஸ் டெக்ஸாமெத்தசோன். 2 மி.லி. வயல்ல 8 மி.கி. இருக்கும், நர்வ் கிட்ட போடுறதா இருந்தா 4 மி.கி. போதும், சுமாரா 6 லேர்ந்து 8 மணி நேரம் வலி தள்ளிப் போகும். ஆனா ஐவில (ரத்தக்குழாய் வழியா) குடுத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்குது, நர்வ் பக்கத்துல போடுறதுக்கு அந்த மருந்துக்கு லைசென்ஸும் கிடையாது, அப்புறம் எதுக்கு அங்க கொண்டு போகணும்? நான் ஐவிலதான் குடுப்பேன், கிலோவுக்கு 0.1 மி.கி. கணக்குல. முழிச்சிருக்குற பேஷண்டுக்கு சட்டுனு தள்ளிடாதீங்க, பிறப்புறுப்பைச் சுத்தி பயங்கரமா எரியும் அரிக்கும், பாவம் வெக்கத்துல சொல்லக்கூட மாட்டாங்க, சலைன்ல கலந்து மெதுவா குடுங்க. சுகர் பேஷண்டா இருந்தா சுகர் ஏறும், வார்டுல சொல்லி வைங்க. ரோபிவகெய்ன்ங்கிற லோக்கலோட ஒரே சிரிஞ்ச்ல டெக்ஸாவைக் கலக்கவே கூடாது, கிரிஸ்டல் கட்டும்.

அடுத்தது டெக்ஸ்மெடிடோமிடின்ங்கிற தூக்க மருந்து, நர்வ் கிட்ட 50 மைக்ரோகிராம். பிளாக் சீக்கிரம் பிடிக்கும், நீளவும் செய்யும், ஆனா பல்ஸ் இறங்கும், பிபி இறங்கும், தூக்கம் வரும். ஹார்ட் பிளாக் (இதயத் துடிப்போட சிக்னல் தடைபடுறது) இருக்குறவங்க, பீட்டா பிளாக்கர் சாப்பிடுற வயசானவங்கன்னா நான் தொடமாட்டேன், மத்தவங்களுக்கும் மானிட்டர் கண்டிப்பா ஓடணும். குளோனிடின் இதே ஜாதிதான், சுமார் 2 மணி நேரம்தான் கூடும். பியூப்ரினார்பின்ங்கிற ஓபியாய்டு வலி மருந்தும் வேலை செய்யும், ஆனா வாந்தி எடுத்தே பேஷண்ட் சோர்ந்து போயிடுவாரு.

அட்ரினலினை லிக்னோகெய்ன்ங்கிற இன்னொரு லோக்கலோட சேத்தா நல்லா நீளும், பியூபிவகெய்னோட பெருசா இல்ல. அதோட உண்மையான உபயோகம் வேற, ஊசி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா பல்ஸ் எகிறி நமக்குக் காட்டிக்குடுக்கும். 1 மி.லி.ல 1 மி.கி. இருக்குற ஆம்பூல்லேர்ந்து இன்சுலின் சிரிஞ்ச்ல 0.1 மி.லி. எடுத்து 20 மி.லி. லோக்கல்ல கலந்தா மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் வரும், கண்ணளவுல கலக்குற வேலையே வேணாம். நீண்ட நாள் சுகர்ல நர்வ் கெட்டுப் போனவங்களுக்கு இதை விட்டுடுங்க, அங்க ஏற்கனவே ரத்த ஓட்டம் கம்மி.

மிடசோலம், கெட்டமின் ரெண்டையும் நர்வ் பக்கம் கொண்டு போகாதீங்க, நர்வைக் கெடுக்கும்ங்கிற பயம் இருக்கு, பலனும் பெருசா இல்ல. ஒண்ணுக்கு மேல மருந்து சேத்து காக்டெய்ல் போடுறதும் வேணாம், ஏதாவது ஆச்சுன்னா எதனாலன்னே தெரியாது. எது சேத்தாலும் பிரிசர்வேட்டிவ் இல்லாத ஆம்பூலாப் பாத்து எடுங்க, சிரிஞ்ச்ல லேபிள் ஒட்டுங்க.

பிளாக் நீள நீள கையும் அவ்வளவு நேரம் மரத்தே கிடக்கும், அதனால ஸ்லிங் போட்டு, சூடு படாம பாத்துக்கச் சொல்லுங்க. மரப்பு விடும்போது வலி ஒரேயடியா வரும், அதுக்கு முன்னாடியே பாரசிட்டமால் ஆரம்பிச்சிடணும். கால் எலும்பு நொறுங்கி வீக்கம் ஏறிட்டு இருக்குற கேஸ்ல மட்டும், ஆர்த்தோகிட்ட பேசாம நீளமான பிளாக் போடாதீங்க, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (வீக்கத்துல தசைக்குள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுறது) வந்தா அந்த வலிதான் முதல்ல சொல்லும்.