32 டிகிரியில் ஒயின் குடிக்காதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு உணவகத்தின் மாடியில் வார இறுதிகளில் ஒயின் ருசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கடலூரிலிருந்து பைக்கில் வரும் பையன்கள், சென்னை ஐடி தம்பதிகள், பிரான்சில் மாமாவோ சித்தப்பாவோ உள்ள உள்ளூர்க்காரர்கள் என்று எல்லாத் தரப்பும் வருவார்கள். கிளாஸை எங்கே பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்பதை வீடியோ பார்த்தே தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். ஆகவே அதையெல்லாம் இங்கே தொடவில்லை. தொடக்கத்தில் நான் செய்ததையே இவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள் பாருங்கள், அப்படிப்பட்ட சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். அதில் ஒன்று இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஒயினை அப்படியே அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றுவது

“அண்ணே, ரெட் ஒயினை ஃப்ரிட்ஜில வைக்கக் கூடாதாமே?” இந்தக் கேள்வி வராத வகுப்பு கிடையாது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் ஒயிட்டைக் குளிரவை, ரெட்டை அறையின் சூட்டிலேயே பரிமாறு என்றுதான் இருக்கும். அதை எழுதியவர்களின் அறை கல்சுவர் போட்ட பிரெஞ்சு வீட்டு அறை. அங்கே 16, 18 டிகிரி சாதாரணம். மே மாதத்தில் நம்மூரில் பகல் 36-ஐத் தாண்டும். இரவு எட்டு மணிக்கும் மொட்டை மாடியில் 30-க்குக் குறையாது. ஏசி இல்லாத அறையின் அலமாரியில் இருக்கிற பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

அந்தச் சூட்டில் ஊற்றினால் என்ன ஆகும்? ரெட் ஒயினில் 13, 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. சூடு ஏற ஏற அது வேகமாக ஆவியாகும். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டவுடன் முதலில் வந்து குத்துவது அதுதான். பழ வாசனை அதன் அடியில் அமுங்கிவிடும். வாயிலும் புளிப்பு மழுங்கி, கனமாக, கொஞ்சம் மருந்து மாதிரி இருக்கும். குடித்தவர் முகத்தைச் சுளித்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு காசு?” என்பார். என் வயிற்றெரிச்சல் இங்கேதான். அவர் அந்த ஒயினை ருசிக்கவே இல்லை. ஆனால் அன்றோடு அவருடைய ஒயின் கணக்கு முடிந்துவிடும்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றுங்கள். ஒன்றை மேசையிலேயே விடுங்கள். இன்னொன்றை ஒரு தட்டால் மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். என் வகுப்பில் இதைக் கண்ணைக் கட்டிச் செய்யச் சொன்னால் பெரும்பாலோர் இரண்டும் வேறு வேறு ஒயின் என்றுதான் சொல்கிறார்கள். குளிர்ந்தது விலை அதிகம் என்று வேறு சொல்வார்கள்.

கனமான ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி, பினோ நுவார் மாதிரி மெலிதானவற்றுக்கு 12 முதல் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிக் கொண்டுவருவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வையுங்கள்’ என்று இருக்கும். அது 21 டிகிரியில் இருக்கும் பாட்டிலுக்குச் சரி. 32-ல் இருக்கும் பாட்டில் ஃப்ரிட்ஜில் 17-க்கு இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு பாட்டிலைக் கழுத்துவரை முக்குங்கள். சுமார் கால் மணியில் வேலை முடியும். வெறும் ஐஸ்கட்டியை மட்டும் கொட்டி வைப்பவர்கள் உண்டு. கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், குளிர் பாட்டிலில் சரியாக ஏறாது. தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். கடையில் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை.

ஊற்றிய பிறகும் நம்மூர்க் காற்று சும்மா விடாது, கிளாஸில் இருப்பது விறுவிறுவென்று சூடேறும். ஆகவே ஒரு தடவைக்கு 50 மில்லி போதும். வேண்டுமானால் மறுபடி ஊற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது ஒரு மாலைப் பொழுதோடு போகிற நஷ்டம். பாட்டிலை மாதக்கணக்கில் வெயிலில் வேகவைப்பது அதைவிடப் பெரியது. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு செயின்ட் எமிலியான் (பிரான்சின் போர்தோ பகுதி ரெட் ஒயின்) பாட்டில் கொண்டுவந்து, “இவ கல்யாணத்துக்குத் திறப்போம்” என்று கொடுத்திருக்கிறார். வீட்டார் அதைப் பொக்கிஷமாக நினைத்து, டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில் கிருஷ்ணர் பொம்மைக்கும் பித்தளைக் குதிரைக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்பக்கம் மேற்கு வெயில் அடிக்கும் சுவர். மேலே எப்போதும் எரிகிற ஒரு பல்ப். எல்லா மே மாதங்களையும் அந்தப் பாட்டில் அங்கேயே நின்றுகொண்டு கழித்திருக்கிறது.

திறக்க என்னிடம் கொடுத்தார்கள். கழுத்தைச் சுற்றியிருந்த தகடு திருகினால் நகரவில்லை. அடியில் ஒழுகிக் காய்ந்த பிசுபிசுப்பு. கத்தியால் கீறி எடுத்தால், கார்க் கண்ணாடி விளிம்புக்கு மேலே ஒரு அரிசி கனத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு கருஞ்சிவப்புக் கோடு. சூட்டில் ஒயின் விரியும், கார்க்கை வெளியே தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். கோடு போட்டது அந்தப் போக்குவரத்துதான். ஊற்றியபோது நிறம் ஓரமெல்லாம் பழுப்பு. வேகவைத்த பேரீச்சம்பழமும் சோயா சாஸும் கலந்த வாடை. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, “பழைய ஒயின் இப்படித்தான் இருக்கும்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சுபகாரிய வீட்டில் நான் என்ன சொல்ல?

வெந்த ஒயினை மறுபடி குளிரவைத்துப் பயனில்லை. அடிப்பிடித்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடை போகுமா?

ஒயினைச் சேமிக்க நல்ல சூடு 12 முதல் 14 டிகிரி. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. தனி ஒயின் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைத்தால் சில மாதங்கள் தாராளமாகத் தாங்கும். அதற்கும் இடமில்லையென்றால் வாங்கிய வாரமே குடித்துவிடுங்கள். வாங்கும்போதும் கவனம் வேண்டும். கடை வாசலில் வெயில் படுகிற மாதிரி அடுக்கிய பாட்டில் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். காரில் போட்டுவிட்டு பாரடைஸ் பீச்சுக்கோ சுண்ணாம்பாற்றுக்கோ போய்விடாதீர்கள். பூட்டிய கார் மே வெயிலில் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். (கடலூர் நண்பர்களுக்கு: எல்லைச் சோதனைச் சாவடி விவகாரம் தனி. அதில் எனக்கு ஆலோசனை சொல்லத் தெரியாது.)

ஒயிட் ஒயினை உறையவைப்பது

மறுபக்கம் இது. 8 முதல் 12 டிகிரி போதும். ஃப்ரீசரிலிருந்து நேராக வந்தால் வாசனை எழும்பவே எழும்பாது.

பார்த்திராத பழத்தின் வாசனையைத் தேடுவது

லேபிளில் பிளாக்கரன்ட், செடார், வயலட் பூ என்று போட்டிருக்கும். அதை ஒருமுறை படித்துவிட்டு மூக்கை உள்ளே விட்டு, “ஆமா, பிளாக்கரன்ட் வருது” என்பார்கள். பிளாக்கரன்ட் சாப்பிட்டிருக்கிறீர்களா என்றால் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

நான் வகுப்புக்கு வருபவர்களை முதலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்வரச் சொல்வேன். கொய்யா வாங்கிப் பாதியாக வெட்டி முகருங்கள். நாசிக் பக்கத்து ஷெனின் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின் பலவற்றில் அந்த வாசனை இருக்கிறது. பச்சைக் குடைமிளகாயைக் கிள்ளி முகருங்கள். அதன் வாசனைக்குக் காரணமான பைரசின் வகைப் பொருள் சோவினியோன் பிளாங்க் என்ற ஒயிட் ஒயினிலும், சரியாகப் பழுக்காத கபெர்னே திராட்சையில் செய்த ரெட்டிலும் வரும். கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் ஒரு கொத்து எடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் ஒயின் எதையாவது குடிக்கும்போது அந்தப் பன்னீர் வாசனையை உடனே அடையாளம் காண்பீர்கள்.

ஷிராஸ் என்ற ரெட் ஒயினில் மிளகு வாசனை வருகிறது என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அது கற்பனை கிடையாது. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. உங்களுக்கு வரவில்லையென்றால் கவலைப்படாமல் அடுத்த கிளாஸுக்குப் போங்கள்.

ரெட் ஒயினுக்குத் துவர்ப்பைத் தருகிற டானின் என்பதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. ஒரு துண்டு கொட்டைப்பாக்கை மெல்லச் சொல்வேன். ஈறு இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். நாவல்பழம், வாழைப்பூ சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது புதிதே இல்லை.

மல்லிகைப்பூ, சென்ட், ஊதுபத்தி

மூன்றும் வேண்டாம். ருசிப்பதற்குச் சற்று முன் காபியும் வேண்டாம்.

கண்ணால் ருசிப்பது

கிளாஸைச் சுழற்றினால் உள்சுவரில் கோடு கோடாக வழியும். அந்தக் கோடுகளைத்தான் ‘கால்’ என்பார்கள். “பாருங்க, எவ்வளவு கால்! நல்ல ஒயின்” என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாக ஆவியாவதால் பரப்பு இழுவிசையில் வரும் வேறுபாடு அது. 1855-லேயே ஜேம்ஸ் தாம்சன் என்ற விஞ்ஞானி விளக்கிவிட்டார். கிளாஸில் ஆல்கஹால் இருக்கிறது என்பதற்கு மேல் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நிறமும் ஏமாற்றும். ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு போர்தோவில் ஒயிட் ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை ரெட் ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். ஆய்வு 2001-ல் வெளியானது. படிக்கிறவர்களுக்கே இந்தக் கதி. விலைச் சீட்டு இன்னும் மோசம். நண்பர்களோடு ருசிக்கும்போது பாட்டில்களைத் தினத்தந்தியில் சுற்றி, எண் போட்டு வையுங்கள். விலை உயர்ந்த பாட்டில் கொண்டுவந்தவர் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பார்.

பழசு எல்லாம் நல்லது என்று நம்புவது

கடையில் கிடைக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தவை. “அரிக்கமேட்டிலேயே ரோமன் ஒயின் இறக்கியிருக்காங்க சார், நம்ம ஊர் மண்ணுக்கே பழக்கம்” என்று ஒருவர் வாதாடினார். ஜாடிகள் கிடைத்தது உண்மை. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்ற ரோமன் ஜாடிகளின் ஓடுகள் வந்தன. ஆனால் கப்பலில் மாதக்கணக்கில் குலுங்கி, வங்கக் கடலோர வெயிலில் இறங்கிய அந்த ஒயின் என்ன ருசியில் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

திருகு மூடி போட்டால் மட்டம் என்பதும் இதே ரகம்தான். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற ஒயிட் ஒயின் செய்பவர்கள் பலர் 2000-லேயே கார்க்கை விட்டுத் திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள். அதற்குக் காரணம் அடுத்த தலைப்பில்.

கெட்ட ஒயினை மரியாதைக்காகக் குடிப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்து மூலையில் கிடக்கும் செய்தித்தாள் கட்டின் வாடை தெரியும்தானே. கிளாஸில் அது வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. டிசிஏ என்ற பொருளின் வேலை. கிளேர்காரர்கள் திருகு மூடிக்கு மாறியது இதனால்தான். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பழ வாசனையைத் துடைத்தெடுத்துவிடும். உணவகத்தில் பரிமாறுபவர் முதலில் ஒரு சொட்டு ஊற்றி நிற்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க இல்லை, இதைப் பார்க்கத்தான். கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

வஞ்சிர வறுவலும் கபெர்னேயும்

ரெட் ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சி அடிக்கும். மிளகாய்க் காரம் டானினையும் ஆல்கஹாலையும் இன்னும் தூக்கிக் காட்டும். மீன் குழம்புக்குக் கொஞ்சம் இனிப்பு தங்கிய ஒயிட் எடுங்கள், குளிர்ச்சியாக. ஆட்டுக்கறிக்கு ரெட் வைத்துக்கொள்ளலாம், காரத்தைக் குறைக்க உங்கள் வீட்டில் சம்மதித்தால்.

துப்ப வெட்கப்படுவது

ஆறு ஒயின் ருசிப்பவர் ஆறையும் விழுங்கினால் நான்காவதிலிருந்து எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு துப்புங்கள்.

மீதியை மேசையில் விட்டுவைப்பது

மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரெட் ஒயினையும்தான். மூன்று நாள் தாங்கும், சில ஐந்து நாள். வெளியே விட்டால் நம்மூர்ச் சூட்டில் மறுநாளே சோர்ந்துபோய்விடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்க ஆரம்பிக்கும். அப்படி ஆகிவிட்ட மீதியை நான் ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிடுவேன். என் மனைவி அந்தக் குழம்பைத் தொடமாட்டாள்.