வெடிக்காத வெடியைப் பிரிக்காதீர்கள்

தீபாவளி வருவது ஐப்பசியில். திருநெல்வேலிப் பக்கம் மழை பிடிக்கிற நேரமும் அதுதான். வாங்கி வைத்த வெடியில் கொஞ்சம் நமுத்துப்போகும். திரி எரிந்தும் வெடிக்காமல் தெருவில் கிடப்பதும் உண்டு. மறுநாள் காலையில் சின்னப் பயல்கள் அதையெல்லாம் பொறுக்கிப் பிரித்து, மருந்தைத் தாளில் கொட்டிச் சேர்ப்பார்கள். "காசு குடுத்து வாங்குனதுதானே, வீணாவா போகணும்" என்று பெரியவர்களும் கண்டும் காணாமல் போய்விடுகிறோம். அதை முதலில் நிறுத்த வேண்டும்.

வெடியைப் பிரிப்பதே பெரிய தவறு. அணுகுண்டின் மேல் சணல் நூலைப் பல சுற்று இறுக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கையால் பிரித்தால் வராது. பையன் ஆணியால் நெம்புவான், கத்தியால் அறுப்பான், அதுவும் முடியாவிட்டால் கல்லில் வைத்துத் தட்டுவான். உள்ளே இருக்கும் மருந்து தீக்குச்சி வரும்வரை காத்திருக்காது. தேய்ப்பும் தட்டும் போதும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் விபத்து நடக்கும்போதெல்லாம் மருந்து கலக்கையில் உராய்ந்து வெடித்தது என்றுதானே பெரும்பாலும் படிக்கிறோம்? அங்கே கலவை அறையில் கொஞ்ச மருந்துதான் வைக்க வேண்டும், சில பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அத்தனை கட்டுப்பாடு. வருஷக்கணக்கில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே அங்கே உயிர் போகிறது. நம் வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்புப் பையன் எவர்சில்வர் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த தவறு, "எல்லாம் மருந்துதானே" என்று ஒன்றாகக் கொட்டுவது. புஸ்வாண மருந்து நின்று எரிவதற்காகக் கலந்தது. அணுகுண்டு மருந்து கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து முடிவது. இரண்டையும் கலந்தால் எப்படி எரியும் என்று அதைச் செய்த தொழிலாளியாலும் சொல்ல முடியாது. சில ரசாயனங்கள் சேர்ந்துவிட்டால் லேசாகத் தேய்த்தாலே பற்றும். அப்படிப்பட்ட ஒரு கலவையைப் பட்டாசில் சேர்க்கவே கூடாது என்று 1992இல் மத்திய அரசு தடை போட்டது. தாளில் குவித்தால் சும்மா 'புஸ்'ஸென்றுதான் போகும் என்பதும் தப்புக் கணக்கு. சட்டென்று எழும் சுவாலை, குனிந்து பற்றவைக்கிறவனின் முகத்தையும் கையையும்தான் முதலில் பிடிக்கும். கையில் தீக்குச்சியோடு அவன் முகம் குவியலுக்கு ஒரு முழம்கூடத் தள்ளியிருக்காது.

இதையெல்லாம்விட மோசமானது, சேர்த்த மருந்தை வேறு எதிலாவது அடைத்து மறுபடி வெடி கட்டுவது. காகித வெடி வெடித்தால் காகிதம் கிழியும். இரும்பும் கண்ணாடியும் வெடித்தால் சிதறுகிற துண்டு எவ்வளவு தூரம் போகும், யார் மேல் பாயும் என்று யாருக்கும் தெரியாது. உரிமம் இல்லாமல் வெடி தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. கோயில் கொடைக்கு வேட்டுப் போட்டுவிட்டு மிச்ச மருந்தை வீட்டில் டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். வேட்டு வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். மிச்சத்தையும் அவரே எடுத்துப் போகட்டும்.

நமுத்த வெடியை அடுப்புப் பக்கத்தில் காயவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமையலறைக்குள் வெடியே வரக் கூடாது.

சரி, வெடிக்காததை என்ன செய்வது? திரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். "ஏல, கிட்டப் போகாதல" என்று பிள்ளைகளை நிறுத்துங்கள். அரை மணி நேரம் விட்டு, தள்ளி நின்றே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். வாளி வெளியில் இருக்கட்டும், மூட வேண்டாம். அலுமினியத் தூள் தண்ணீரில் நனைந்தால் சூடும் வாயுவும் உண்டாகலாம். தெருக்குப்பையோடு கூட்டித் தீ மட்டும் வைத்துவிடாதீர்கள். காலையில் கூட்ட வருகிற தூய்மைப் பணியாளர்கள் மேல் வெடிக்கும்.

கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், கயிறு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதையும் பூசாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டக் கூடாது, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக் கூடாது. அழுத்தாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி, 108ஐக் கூப்பிட்டு உடனே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கண் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று பயந்து, ஊதுவத்தி பட்டது என்று பையன் சொல்லக்கூடும். அவனை அதட்டாமல் எது வெடித்தது, எதில் அடைத்தான் என்று கேட்டு டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். உள்ளே துண்டு ஏதும் தைத்திருக்கிறதா என்று அவர் தேட வேண்டியிருக்கும்.