புது லேப்டாப்பை முதல் வாரத்தில் சோதித்து அமைப்பது எப்படி?

எந்த லேப்டாப்பை வாங்குவது என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் நாம், வாங்கி வந்த பிறகு அதைச் சோதித்துப் பார்க்க ஒரு மாலைப் பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டியே முடிந்துவிடும். அதற்குப் பிறகு தெரியவரும் குறை எதுவானாலும் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழுதுபார்த்து வாங்குவதுதான் வழி. ஆகவே முதல் வாரத்தில் லேப்டாப்பை வேலைக்குப் பழக்குவதைவிட, அது நம் வேலைக்கு ஏற்றதுதானா என்று சோதிப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறேன். 15.6 அங்குலத் திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11 ஹோம் கொண்ட நடுத்தர விலை லேப்டாப் அது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் எல்லா லேப்டாப்புகளுக்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்

பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், லேப்டாப்பின் அடிப்பகுதி, கடைக்காரர் தரும் பில் ஆகிய மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் வாரண்டி எப்போது தொடங்கியது என்பது தெரியும். அந்தத் தேதி நீங்கள் வாங்கிய நாளுக்கு முந்தையதாக இருந்தால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை படியுங்கள். இந்தியாவில் விற்பதற்கு வேண்டிய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி அங்கே இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரியாக இருந்தால் உங்கள் பதிவு எண்ணைப் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத வரி என்பதால் திரும்பக் கிடைக்கும் உள்ளீட்டு வரி சிறிய தொகை அல்ல.

“நானே ஆன் பண்ணி எல்லாம் செட் பண்ணித் தந்துடறேன்ணே” என்று கடைத் தம்பி அன்போடு கேட்பார். திரையும் விசைப்பலகையும் வேலை செய்கின்றனவா என்று காட்டச் சொல்லலாம், ஆனால் கணக்கு உருவாக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். அதற்கான காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மின் இணைப்பு

புது பேட்டரியை எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவுரை, பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்தது. இன்றைய லித்தியம் அயனி பேட்டரிக்கு அது தேவையில்லை. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருப்பதால், மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்ப்புறங்களிலும் தனியாக ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது உலோக உடலின் மேல் கை வைத்தால் சுருசுருவென்று உணர்ந்தால், உடனே லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக இறங்க வேண்டும். பிளக் பாயிண்டில் எர்த் இல்லாவிட்டால் அது உடலிலேயே தங்கிவிடும். வேறு வீட்டில், எர்த் சரியாக உள்ள மூன்று துளை பாயிண்டில் செருகிப் பாருங்கள். அங்கே அந்த உணர்வு இல்லையென்றால், கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனைத்தான்.

மூன்றாம் படி: முதல் முறை இயக்குதல்

நாடு, விசைப்பலகை, வைஃபை என்று திரை கேட்பவற்றை வரிசையாகக் கொடுத்தால் போதும். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இந்த இடத்திலேயே இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். இருப்பிடம், விளம்பர அடையாளம், தட்டச்சுத் தகவல் ஆகியவற்றை அனுப்பலாமா என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு ‘நோ’ என்று பதில் சொன்னாலும் எந்த வேலையும் கெடாது. பிறகு வரும் அப்டேட்டுகள் சில ஜிபி வரை போகலாம் என்பதால், செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பித் தொடங்காமல், நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுவது வசதி.

நான்காம் படி: மீட்புச் சாவி

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பிலிருந்து, புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடன், சேமிப்பகம் முழுவதும் தானாகவே குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் என்கிரிப்ஷன்) செய்யப்படுகிறது. லேப்டாப் திருட்டுப் போனாலும் உள்ளிருப்பதை மற்றவர் படிக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, சில வேளைகளில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆன பிறகோ, நீலத் திரை ஒன்று தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளிருக்கும் படங்களையும் கணக்குகளையும் எவராலும் மீட்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் முடியாது.

அந்தச் சாவி, முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் லேப்டாப் அமைக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. கடையில் வேலை செய்பவர் தம்முடைய மின்னஞ்சலையோ, அந்த நேரத்துக்கென்று உருவாக்கிய ஒரு கணக்கையோ கொடுத்திருந்தால், சாவியும் அங்கேதான் இருக்கும். ஒரு வருடம் கழித்து அவரைத் தேடிப் போனால் அவர் வேறு கடைக்கு மாறியிருப்பார். எனவே உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, மைக்ரோசாஃப்ட் இணையதளத்தின் சாதனங்கள் பக்கத்துக்குச் சென்று, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் கோப்பாகச் சேமிப்பதால் பயனில்லை.

ஐந்தாம் படி: உறுப்புகளைச் சோதித்தல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டுகளில் உள்ளது என்பவற்றைப் பார்க்கலாம். கிராஃபிக்ஸுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்படுவதால், 16 ஜிபி முழுவதும் பயன்பாட்டுக்குக் கிடைப்பதாகக் காட்டாது. அதேபோல 512 ஜிபி சேமிப்பகம் ஏறத்தாழ 476 ஜிபி என்று தெரிவதும் கடைக்காரர் ஏமாற்றியதால் அல்ல. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் எண்ணை ஒரு ஜிபி என்று கொள்கிறது. அந்த 476-இலும் விண்டோஸும் மீட்புப் பகுதியும் இடம் பிடித்திருக்கும்.

திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையாக வைத்து, இருட்டறையில் உற்றுப் பாருங்கள். நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி இருந்தால் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளைக் குறையாகவே ஏற்காத நிறுவனங்கள் உண்டு, அதனால் வாரண்டி விதியையும் படித்துவிடுங்கள். யு.எஸ்.பி. துளைகள் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பதும், வாட்ஸப்பில் ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பார்ப்பதும் மீதிச் சோதனைகளை முடித்துவிடும். குறை ஏதேனும் தெரிந்தால், பல நிறுவனங்கள் தங்கள் டெக்னீஷியன் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே புது லேப்டாப்பை மாற்றித் தருகின்றன. அதற்கும் நாளாகும் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஆறாம் படி: திரையின் நிறம்

என் லேப்டாப்பில் எனக்கு நிறைவளிக்காதது திரைதான். விவரக்குறிப்பில் ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல்) என்று போட்டிருக்கும் திரைகள், இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே காட்டக்கூடியவை. கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் அது போதும், ஆனால் துணி நிறத்துக்குப் போதாது. அரக்கு நிறச் சுங்குடி என் திரையில் வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிகிறது. மயில் கழுத்து நிறத்தின் பச்சை ஏறக்குறைய மறைந்து நீலம் மட்டும் நிற்கிறது. அதை நம்பி படத்தில் சிவப்பைக் கூட்டினால், நல்ல செல்போன் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அந்தச் சேலை கண்ணைப் பறிக்கும் சிவப்பாகத் தெரியும். கையில் வாங்கிய பிறகு திருப்பி அனுப்புவார்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு துணியைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து, அதே படத்தை லேப்டாப்பிலும் செல்போனிலும் திறந்து, துணியின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். ட்யூப் லைட்டின் கீழ் செய்தால் துணியின் நிறமே மாறித் தெரியும் என்பதால் பகலில் செய்வதுதான் சரி. இரண்டு திரைகளுக்கும் வேறுபாடு அதிகமாக இருந்து, உங்கள் தொழிலும் நிறத்தை நம்பியதாக இருந்தால், மாற்றும் காலம் முடிவதற்குள் ‘100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று குறிப்பிட்ட மாடலைக் கேளுங்கள். நான் இதையே வைத்துக்கொண்டேன். நிறத் திருத்தத்தைச் செல்போனிலும் மற்ற வேலைகளை லேப்டாப்பிலும் செய்கிறேன். விசைப்பலகையும் வேகமும் நன்றாக இருப்பதால் அந்த ஏற்பாடு எனக்குச் சரிப்படுகிறது.

ஏழாம் படி: தமிழில் தட்டச்சு

தமிழில் எழுத மென்பொருள் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குச் சென்று, தமிழ் (இந்தியா) மொழியைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும். ஆங்கில ஒலிப்பிலேயே எழுதிப் பழகியவர்களுக்கு ஒலியியல் விசைப்பலகையும் அதே பட்டியலில் உள்ளது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் தமிழ் 99-ஐத்தான் சொல்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ‘மதுரை’ என்று எழுத ம, த, உ, ர, ஐ என்ற ஐந்து எழுத்துகளை, அதாவது ஆங்கில விசைகளில் கே, எல், டி, எம், ஆர் ஆகியவற்றை, அதே வரிசையில் அழுத்தினால் போதும்.

எட்டாம் படி: வெயிலும் பேட்டரியும்

லேப்டாப் நிறுவனங்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை அந்த எல்லையை மதியத்துக்கு முன்பே கடந்துவிடும். அந்த நேரத்தில் லேப்டாப் மெதுவாவது பழுது அல்ல; சூட்டைக் குறைக்கப் புராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காற்றுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம் இருப்பதால் மெத்தையிலும் தலையணையிலும் வைக்காமல், கடினமான மேசையில் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். நான் வீடியோ வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால், லேப்டாப்புக்குள் சுழலும் விசிறியின் சத்தம் காதில் விழுவதே இல்லை.

பேட்டரி நேரத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு. உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைத்து வேலை செய்யும் எனக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கிறது. மற்ற லேப்டாப்புகளிலும் இதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள், நிறுவனத்தின் சொந்தச் செயலியைத் திறந்து, சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துக்கொள்ளலாம். முழுக்க ஏறிய நிலையில் சூட்டில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் முதுமையாக்குகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பில் உங்கள் பகுதியின் பெயர் வந்தால், முதல் நாள் இரவு மட்டும் அந்த 80 சதவீத வரம்பை எடுத்துவிட்டு முழுமையாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: மீதி வேலைகள்

சோதனைக்கால ஆன்டிவைரஸையும் கேட்காமலே வந்திருக்கும் விளையாட்டுகளையும் செட்டிங்ஸின் ‘ஆப்ஸ்’ பகுதியில் நீக்கலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது. லேப்டாப்போடு ஆபீஸ் மென்பொருளும் தரப்பட்டிருந்தால், அதை உங்கள் கணக்கில் பதிவு செய்யக் காலக்கெடு உண்டு என்பதால் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அதுவும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிரந்தரமாக இணைந்துவிடும். கடை பில் வெப்பத்தாளில் அச்சிடப்பட்டதாக இருந்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கத் தொடங்கும். அதைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். பெட்டியையும் அதன் உள்தாங்கிகளையும் மாற்றும் காலம் முடியும்வரை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.