லிங்க்டுஇன் முன்னோட்டத்தில் தவறான படம்: மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிழை

என் கட்டுரையின் இணைப்பை லிங்க்டுஇன்னில் ஒட்டினால், நான் வைத்த படத்துக்குப் பதில் தளத்தின் இலச்சினையே வந்து நின்றது. முதலில் அளவைச் சந்தேகித்தேன். 1200-க்கு 627 பிக்சல் என வெட்டினேன். 5 எம்பிக்குள் சுருக்கினேன். பயனில்லை. லிங்க்டுஇன்னிடம் பக்கத்தின் பழைய நகல் தேங்கியிருக்கும் என்று எண்ணி, அதைப் புது முகவரியாக எடுத்துக்கொள்ளட்டும் என்று முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து ஒட்டினேன். அப்போதும் இலச்சினைதான்.

மூன்றாம் நாள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். முன்னோட்டத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று சொல்லும் ‘ஓஜி:இமேஜ்’ (og:image) குறிச்சொல் இருந்தது. ஆனால் அதிலிருந்த பட முகவரி தளத்தின் பெயர் இல்லாமல் வெறும் சாய்கோட்டில் (/) தொடங்கியது! உலாவி அதன் முன்னால் தளத்தின் பெயரைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் சொடுக்கியபோதெல்லாம் படம் ஒழுங்காகத் திறந்தது, எனக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தக் குறிச்சொல்லுக்கோ ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் முழு முகவரி வேண்டும். அப்படியே திருத்தி, இணைப்பின் முன்னோட்டத்தைச் சரிபார்க்க லிங்க்டுஇன் தரும் போஸ்ட் இன்ஸ்பெக்டர் என்ற கருவியில் இணைப்பைக் கொடுத்தேன். அது பக்கத்தைப் புதிதாகப் படித்தது. என் படம் வந்துவிட்டது. அப்பாடா!

ஏற்கெனவே இட்ட பதிவில் மட்டும் பழைய படம் மாறவில்லை. அதை நீக்கிவிட்டு மறுபடியும் பகிர்ந்தேன்.